அரும்பு என்பது நிரந்தர இடமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2022இல் தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபின் தொடக்க வகுப்புகளில் பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (மேல்நிலை) எனப் பிரித்துக் கற்பிக்கிறோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஜூனில் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை மார்ச்சிலும் அங்கேயே இருந்தால், அது பட்டப்பெயராகிவிடும். தமிழில் மலராக இருப்பவள் கணக்கில் அரும்பாக இருக்கலாம். ஆகவே பாடத்துக்குப் பாடம் குழு வேறாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து வாய்மொழிக் கேள்விகள் கேட்டு மாற்றி அமைக்க வேண்டும்.

நிலை வேறு என்பதற்காகக் கணக்கும் வேறாக வேண்டியதில்லை. 42இல் 17ஐக் கழிக்கச் சொன்னால் பலர் 35 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு அல்ல அது. ‘2இல் 7 போகாது’ என்றதும் 7இல் 2ஐக் கழித்துவிடுகிறார்கள். ‘கடன் வாங்கு’ என்று எத்தனை முறை சொன்னாலும் இது தீராது. பத்தைப் பிரித்துக் கையால் பார்க்க வேண்டும். தென்னை ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டு 4 கட்டு, உதிரி 2 கொடுங்கள். ஒரு கட்டைப் பிரித்தால் 3 கட்டும் 12 உதிரியும். 7 உதிரியும் ஒரு கட்டும் எடுத்தால் மீதி 25. அரும்புக் குழு குச்சியோடு நிறுத்திக்கொள்ளட்டும். மொட்டு குச்சியைப் பிரித்தபடியே நோட்டிலும் எழுதட்டும். மலர் 25ஐயும் 17ஐயும் கூட்டிச் சரிபார்த்து, மீன் சந்தைக் கணக்கு ஒன்றைத் தானே உருவாக்கட்டும். வேகமாக முடித்தவரைப் பக்கத்துப் பிள்ளைக்கு உதவ விடும்போது ஒரு நிபந்தனை: விடையைச் சொல்லக் கூடாது, ‘அடுத்து என்ன செய்யணும்?’ என்று மட்டும் கேட்கலாம்.

மொழியிலும் இதே கவனம் வேண்டும். எங்கள் மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கம் வீட்டில் பலா என்பது சக்கை, மரவள்ளி என்பது மரச்சீனி. படத்தைப் பார்த்து ‘சக்கை’ என்ற பிள்ளையிடம் ‘தப்பு’ என்றால், அடுத்த படத்துக்கு வாய் திறக்காது. பேச்சிப்பாறை மலைக் குடியிருப்புகளிலிருந்து வரும் காணிப் பழங்குடிப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சு இன்னும் வேறு. இரண்டு சொல்லையும் அருகருகே கரும்பலகையில் எழுதுங்கள். ‘க்’ என்ற மெய்யெழுத்தைச் சக்கையிலேயே கற்பிக்கலாம்.

கேள்வி கேட்டதும் முதலில் தூக்கிய கையைக் கூப்பிடாமல் மனதுக்குள் மூன்று எண்ணிக் காத்திருங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். காது மந்தமான பிள்ளைக்கு உங்கள் உதடு நிழலாகத்தான் தெரியும்.

அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சிகளில் படிவம் நிரப்புவதைக் குறைத்து, இப்படிக் குச்சியும் கரும்பலகையுமாக ஒரு மாதிரிப் பாடத்தை முழுமையாக நடத்திக்காட்ட மாவட்டக் கல்வி அலுவலர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஆசிரியப் பயிற்றுநர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.