கணக்கு நோட்டை யாராவது கேளுங்கள்: எங்கள் சபையாருக்கு ஒரு திறந்த மடல்

போதகர் ஐயாவுக்கும், சபை நிர்வாகக் குழுவினருக்கும், வாலிபர் ஐக்கியத்துத் தம்பி தங்கைகளுக்கும் ஸ்தோத்திரம்.

இதைக் குழுக் கூட்டத்திலேயே கையில் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் "சரிங்கக்கா, ஜெபத்தில் வைப்போம்" என்று சொல்லி மடித்துப் பைக்குள் வைத்திருப்பீர்கள். ஜெபத்தில் வைத்தது எதுவும் நம் சபையில் மேசைக்கு வந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் சாட்சி நேரத்தில் வாலிபத் தம்பி ஒருவர் எழுந்து நின்றார். இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது போலீஸ் சாலைத் தடுப்பு போட்டிருந்ததாம். அவரிடம் லைசென்ஸ் இல்லை. சாலை வரியும் முடிந்துவிட்டது. மனதுக்குள் ஜெபித்தாராம். உடனே மழை கொட்டியது. போலீஸ்காரர்கள் கூடாரத்துக்குள் ஒதுங்க, இவர் கடந்து வந்துவிட்டார். "கர்த்தர் அவர்கள் கண்களை மறைத்தார்" என்றார். அல்லேலூயா என்று கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்.

வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் உறைத்தது. நம் மலேசியாவில் 16 வயதிலேயே மோட்டார் லைசென்ஸ் எடுக்கலாம். தம்பிக்கு 23. ஏழு ஆண்டுகளாக லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறார். அன்றிரவு பின்னால் உட்கார்ந்து வந்தது அவர் தங்கை. போலீஸின் கண்ணை மறைத்த அதே மழை சாலையையும் நனைத்திருக்கும் அல்லவா? அவ்வளவு பேர் இருந்தோம், "லைசென்ஸ் எப்போது எடுக்கப்போகிறாய், தம்பி?" என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

தம்பி மீது எனக்குக் கோபமில்லை. அவர் ஒளிக்கவில்லை, மேடையேறி ஒப்புக்கொண்டிருக்கிறார். கேட்கத் தெரியாமல் இருந்தது நாம்தான்.

நான் 19 வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தவள். 24 ஆண்டுகள் மரம் சீவினேன். விடியுமுன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் வடிவது குறைந்துவிடும். நம் சௌகரியத்துக்காக மரம் காத்திருக்காது. (அப்படி ஓடிய நாம்தான் இன்று ஒன்பது மணி ஆராதனைக்கு ஒன்பதரைக்கு வந்து சேர்கிறோம். வாத்தியம் வாசிக்கிறவரே அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றுகிறார்.)

இருட்டில், தலையில் விளக்கோடு, மர நிரைக்குள் ஒற்றை ஆளாக நிற்கும்போது எவரும் பார்க்க மாட்டார்கள். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போட்டால் அன்றைக்குப் பால் கூட வரும், கைக்காசும் கூடும். ஆனால் கத்தி உள்ளே மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொள்ளும். சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்தை மறுபடி சீவ வருகிறவளின் கத்தி அந்த முடிச்சில் இடறும். காயம் போட்டவள் அப்போது வேறு நிரையிலோ வேறு தோட்டத்திலோ இருப்பாள்.

அதனால்தான் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வருவார். முன்னறிவிப்பு கிடையாது. ஏதோ ஒரு மரத்தின் முன் நின்று வெட்டை விரலால் தடவிப் பார்ப்பார். "இதென்ன காயம்?" என்பார். எங்கள் மண்டோர் என் சொந்தச் சித்தப்பா. என் மரத்தில் காயம் கண்டால் மற்றவர்களிடம் கேட்பதைவிட இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்பார். அப்போது வெறுத்தேன். என் கை நிதானப்பட்டது அவரால்தான்.

சபையில் நமக்கு அப்படிப்பட்ட சித்தப்பா இல்லை. ஆறுதல் சொல்ல ஆள் உண்டு, எண்ணெய் பூச ஆள் உண்டு, தீர்க்கதரிசனம் சொல்லக்கூட வெளியூரிலிருந்து ஆளை வரவழைக்கிறோம். வெட்டைத் தடவிப் பார்க்கத்தான் ஒருவருமில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த ஒரு போதகர் வேதபாடத்தில் சொன்ன விஷயம் இன்னும் மனதில் நிற்கிறது. கலாத்தியர் ஆறாம் அதிகாரம் இரண்டாம் வசனத்தில் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்கிறார் பவுல். மூன்றே வசனம் தள்ளி, "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்கிறார். தமிழில் இரண்டும் பாரம்தான். கிரேக்கத்தில் இரண்டும் வேறு சொற்களாம். முதலாவது பாரோஸ், ஆளை அமுக்கிவிடும் பளு. இரண்டாவது ஃபோர்டியோன், அவரவர் தோளுக்கென்று கொடுக்கப்பட்ட மூட்டை. "என் சுமை இலகுவாயும் இருக்கிறது" என்று ஆண்டவர் சொல்லும் இடத்திலும் இந்த இரண்டாவது சொல்தான் வருகிறது. அந்தப் போதகர் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரு பக்கமும் பால்வாளி தொங்க நடந்து காட்டி, "இது உன்னுடையது, ஸ்டோர் வரைக்கும் நீதான் கொண்டுபோக வேண்டும்" என்றார். வாளி காலிதான், ஆனாலும் சபையே சிரித்தது.

நாம் இந்த இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கிறோம் என்பதே என் முறையீடு.

தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்தபோது 14 குடும்பங்கள் சாமான்களை ரோட்டோரம் அடுக்கி வைத்துக்கொண்டு நின்றன. அவர்களில் யாரும் சோம்பேறி அல்லர், ஒழுக்கம் கெட்டவரும் அல்லர். தலைமுறையாக உழைத்த இடத்தில் தங்களுக்கென்று ஒரு கூரை இல்லாதவர்கள், அவ்வளவுதான். அது பாரோஸ். அப்போது சபை என்ன செய்தது? உபவாச ஜெபம் அறிவித்தது. பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லாமல் ஒரு சகோதரி மூன்று ஆண்டுகள் அலைந்தார். பதிவு அலுவலகத்துக்கு அவரோடு போய் வரிசையில் உட்கார நம்மில் ஒருவருக்கும் ஒரு நாள் விடுப்பு கிடைக்கவில்லை. "உங்களுக்காகப் பாரத்தோடு ஜெபிக்கிறோம்" என்றோம்.

மோட்டார் தவணை பாக்கி, கைப்பேசித் தவணை பாக்கி, ஆலோங் என்னும் வட்டிக்காரனிடம் வாங்கிய கடன் என்று வந்தால் மட்டும் விசேஷ காணிக்கை எடுக்கிறோம். ஏன் வாங்கினாய், எதற்குச் செலவாயிற்று, இனி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பது அன்பில்லாத செயல் என்று நினைக்கிறோம். அடுத்த ஆண்டும் அதே வீட்டுக்கு அதே காணிக்கை போகிறது.

சம்பளம் போதவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. அதை வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்குச் சிக்கனத்தைப் பற்றி நான் பாடம் எடுக்கப்போவதில்லை. ஏழையைப் பார்த்து "நீ ஒழுங்காக இருந்திருந்தால்" என்று ஆரம்பிக்கும் பிரசங்கத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே நடத்தவிட்டுத் தொழிலாளி குடிக்கிறான் என்று குறை சொன்ன துரைமார் காலத்துப் பேச்சு அது. அந்தக் கடைகளை எதிர்த்து 1947இல் கெடா மாநிலத்தில் தொண்டர் படை என்ற இயக்கத்தார் மறியல் செய்தார்கள். பழியைக் குடித்தவன் தலையிலேயே போட்டுவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை, அதே நேரத்தில் குடிக்காதே என்று அவனிடம் சொல்லவும் தயங்கவில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

2024 மே மாதம் ஊழியர் சேமநிதியில் மூன்றாவது கணக்கைத் திறந்தார்கள். நினைத்த நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நம் சபையில் பலர் உடனே எடுத்தார்கள். அவர்களில் ஒரு சகோதரர் மகளின் கல்லூரி நுழைவுக் கட்டணத்தைக் கட்டினார். நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன். வேறு இருவர் புதுக் கைப்பேசியோடு வந்தார்கள். இரண்டு வகையினரும் ஒரே மாதிரி "கர்த்தர் வழி திறந்தார்" என்று சாட்சி சொன்னார்கள். வழியைத் திறந்தது சேமநிதி வாரியம். அந்த வழியில் போய் எதை வாங்குவது என்று முடிவெடுத்தது நாம். நம் முடிவுகளுக்கெல்லாம் கர்த்தரின் கையெழுத்தை நாமே போட்டுக்கொள்வது என்னைப் பயமுறுத்துகிறது. உபவாச ஜெபம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை, உடம்பில் ஒன்றுமில்லாமல் கிளினிக்கில் எம்.சி. என்னும் மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்குவதும் இதில் சேர்த்திதான். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்" என்ற வசனத்தை ஞாயிறு பள்ளியில் நான்தான் உங்களுக்கு மனப்பாடம் செய்வித்தேன். எம்.சி. தாள் அதற்கு விலக்கு என்று நான் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை.

கேள்வி கேட்பது நம் சபைக்குப் புதிதும் அல்ல. நம் மெதடிஸ்ட் சபையைத் தொடங்கி வைத்த ஜான் வெஸ்லியின் காலத்தில், 1742இல், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜெபவீடு கட்டிய கடன் நின்றுகொண்டிருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவானது. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பேற்று வீடு வீடாக வசூலிக்கப் போனார். போனவர் கண்ணில் பென்னி மட்டுமா படும்? எந்த வீட்டில் சண்டை, எவர் குடிக்கிறார் என்பதும் பட்டது. வந்து சொன்னார்கள். இதுவல்லவா நமக்கு வேண்டியது என்று வெஸ்லி பிடித்துக்கொண்டார். கடன் வசூல் குழு ஆத்துமாக்களை விசாரிக்கும் வகுப்பாக மாறியது இப்படித்தான். அவர் தொடங்கி வைத்த உடன்படிக்கை ஆராதனையை நாமும் ஒவ்வொரு புத்தாண்டிலும் நடத்துகிறோம். "இனி நான் எனக்குச் சொந்தமல்ல" என்ற பொருள்படும் அந்த ஜெபத்தை வேகமாக வாசித்து முடித்துவிட்டு, வாக்குத்தத்த அட்டைத் தட்டின் பக்கம் முண்டியடிக்கிறோம். கடவுள் நமக்குத் தரும் வாக்கைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்துகிறோம். நாம் அவருக்குக் கொடுத்த வாக்கு மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துபோகிறது.

இவ்வளவு பேசுகிறவள் என் வெட்டையும் காட்ட வேண்டும்.

2013இல் நான் மாதர் சங்கத்தின் பொருளாளர். இப்போதும் நான்தான், வேறு யாரும் முன்வருவதில்லை. அந்த ஆண்டு நவம்பரில் மகனின் மோட்டாரை இழுத்துப்போக ஆள் வந்து வாசலில் நின்றது. சங்கப் பணத்திலிருந்து 400 வெள்ளியை எடுத்துக் கொடுத்தேன். கிறிஸ்மஸுக்கு விதவைத் தாய்மார் எட்டுப் பேருக்கு ஆளுக்கு 80 வெள்ளி கொடுப்பது வழக்கம். அந்த முறை 30 கொடுத்தேன். "இந்த வருஷம் காணிக்கை குறைவு" என்று அவர்களிடம் சொன்னேன். ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "அதனாலென்ன தாயி, நீ அலைந்து கொண்டுவந்து கொடுக்கிறாயே" என்றார்.

அடுத்த ஏப்ரலுக்குள் மாதம் நூறாக முழுத்தொகையையும் பெட்டியில் திரும்பப் போட்டுவிட்டேன். ஆனாலும் தூக்கம் வரவில்லை. அப்போதிருந்த போதகரிடம் போய் அழுதேன். நல்ல மனிதர், என் தலையில் கைவைத்து ஜெபித்தார். "கர்த்தர் மன்னித்துவிட்டார், இதை வெளியே சொல்லிச் சபையைக் கலங்கப்பண்ண வேண்டாம்" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. எவரும் நோட்டைக் கேட்கவில்லை, இன்று வரையிலும் கேட்கவில்லை.

கர்த்தர் மன்னித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஐம்பது வெள்ளி குறைந்தது கர்த்தருக்கல்ல. பெட்டிக்குத் திரும்பிய பணம் அந்த எட்டுப் பேரின் கைக்குப் போகவில்லை, அடுத்த ஆண்டு நாற்காலி வாங்கப் போனது. எட்டில் இரண்டு பேர் இப்போது உயிரோடில்லை. கையைப் பிடித்த பாட்டி அந்த இருவரில் ஒருவர்.

சகேயு "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று எழுந்து நின்றபோது, அதெல்லாம் வேண்டாம், மன்னித்தாயிற்று என்று ஆண்டவர் அவனை உட்காரவைக்கவில்லை. ஐம்பதுக்கு நாலத்தனை இருநூறு. ஆறு பேருக்கு 1,200, காலமான இருவரின் பிள்ளைகளுக்கு 400. பலகாரம் சுட்டு விற்று இதுவரை 700 சேர்த்திருக்கிறேன். மீதியையும் நானே சேர்ப்பேன். தயவுசெய்து இதற்கு விசேஷ காணிக்கை எடுத்துவிடாதீர்கள். இது என் வாளி.

தம்பி, நீங்களும் இதைப் படிப்பீர்கள். ஓட்டுநர் பள்ளியில் பெயர் பதிந்ததும் எனக்குச் சொல்லுங்கள். எழுத்துத் தேர்வுக்குப் போக பஸ்ஸுக்கு ஆள் துணை வேண்டுமென்றால் நான் வருகிறேன். பதியாவிட்டால் ஒவ்வொரு ஞாயிறும் கேட்பேன், என் சித்தப்பாவின் குரலில்.

நிர்வாகக் குழுவினரிடம் நான் கேட்பது இதுதான். 2009 முதல் எழுதிவரும் சங்கக் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது, நீல அட்டை, முதுகில் துணி ஒட்டியது. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பின்பக்க மேசையில் அதை வைக்கிறேன். 2013 நவம்பர் பக்கத்தில் காகிதம் செருகியிருக்கும், ஆனால் அந்தப் பக்கத்தோடு நிறுத்தாமல் முதலிலிருந்து பார்க்க வேண்டும். கணக்குத் தெரிந்த இரண்டு பேரை அனுப்புங்கள். அவர்கள் என் சொந்தக்காரர்களாக இருக்கக்கூடாது. ஒருவராவது வாலிபர் ஐக்கியத்திலிருந்து வரட்டும். தேநீர் நான் போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாதர் சங்கப் பொருளாளர்