நம் மாகாண ஓட்டு எண்ணிக்கையையும் விளக்கி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டில் ஓட்டு எண்ணும் நாளன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர் வீடுகள் பலவற்றில் டிவி சீக்கிரமே ஓட ஆரம்பித்துவிடும். அங்கே காலை எட்டு மணிக்குத் தபால் ஓட்டைப் பிரிக்கும்போது இங்கே விடிகாலை நாலரை. 2016இல் ராதாபுரம் 49 ஓட்டில் முடிந்ததையும், 2021இல் தியாகராய நகர் 137 ஓட்டில் முடிந்ததையும் இன்றும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் ஓட்டுப் போடுகிற குவாசூலு-நடால் மாகாணத்தின் சபையில் கடைசி இடம் யாருக்கு, எப்படிப் போகிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் குறைவு. உங்கள் பத்திரிகையும் 2024 மாகாணத் தேர்தலை 'யார் முன்னிலை' என்பதோடு முடித்துக்கொண்டது எனக்கு வருத்தம்.

இங்கே மாகாண சபைக்குத் தொகுதி கிடையாது. மாகாணம் முழுவதும் விழுந்த ஓட்டுகளைச் சேர்த்துத்தான் 80 இடங்களையும் பிரிக்கிறார்கள். செல்லும் ஓட்டுகளின் மொத்தத்தை 81ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால், ஓர் இடத்துக்கு எத்தனை ஓட்டு வேண்டும் என்று கிடைக்கும். ஒரு கட்சி வாங்கிய ஓட்டில் அது எத்தனை தடவை அடங்குகிறதோ அத்தனை இடம். அப்படிக் கொடுத்த பிறகும் சில இடங்கள் மிஞ்சும். யாரிடம் மீதி ஓட்டு அதிகமோ அவர்களுக்கு அவை வரிசையாகப் போகும். அதனால்தான் கடைசிச் சாவடியின் கணக்கு வரும்வரை அந்தச் சில இடங்களை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

2024இல் நடந்ததைப் பாருங்கள். கட்சிகள் பிடித்த இடங்கள் இவை: எம்.கே. (உம்கொன்டோ வெ சிஸ்வே) 37, இன்காதா 15, ஏ.என்.சி. (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) 14, டி.ஏ. (ஜனநாயகக் கூட்டணி) 11, ஈ.எஃப்.எஃப். (பொருளாதார விடுதலைப் போராளிகள்) 2, என்.எஃப்.பி. (தேசிய விடுதலைக் கட்சி) 1. ஆட்சிக்கு 41 வேண்டும். எம்.கே.யும் ஈ.எஃப்.எஃப்.பும் சேர்ந்தால் 39. இன்காதா, ஏ.என்.சி., டி.ஏ. மூன்றும் சேர்ந்தால் 40. மிச்சம் இருந்தது என்.எஃப்.பி.யின் ஒரே ஒரு இடம். அது இந்த மூன்றோடு சேர்ந்தது. ஜூன் 14 அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இன்காதாவின் தாமி நிதுலி 41க்கு 39 என்று முதல்வரானார். அந்த ஒற்றை இடமோ ஓர் இடத்துக்கான முழு ஓட்டும் இல்லாமல், மீதிக் கணக்கில் வந்தது! டர்பனில் நம்மவர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வேர்விட்ட மைனாரிட்டி ஃபிரண்ட் கட்சி 2019இல் இதே மாதிரி ஓர் இடம் பிடித்திருந்தது. 2024இல் அதை இழந்தது. 'நம்ம ஓட்டால் என்ன ஆகப்போகிறது' என்று அன்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, வதந்தி. 2024 எண்ணிக்கையின்போது மே 31 காலை தேர்தல் ஆணையம் முடிவுகளைக் காட்டும் கணினிப் பலகை இரண்டு மணி நேரம் போல வெறுமையாகிவிட்டது. தகவல் எதுவும் அழியவில்லை என்று ஆணையம் சொன்னது. அதற்குள் வாட்ஸ்அப்பில் என்னென்னவோ பரவிவிட்டது. இங்கே ஓட்டுப் போட்ட சாவடியிலேயே எண்ணுகிறார்கள், கட்சி முகவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள், முடிவுத் தாளைச் சாவடியிலேயே ஒட்டுகிறார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் படித்து, ஆணையம் வெளியிடும் எண்ணோடு ஒத்துப் பார்க்கலாம். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்திருந்தால் அன்று அவ்வளவு பேர் பதறியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அடுத்து உள்ளாட்சித் தேர்தல் வருகிறது. அதில் முறை வேறு. ஒரு பாதி இடங்களுக்கு வார்டில் அதிக ஓட்டு வாங்கியவர் போவார், மறு பாதி கட்சிப் பட்டியலிலிருந்து வரும். வாக்காளர் கையில் சீட்டும் ஒன்றுக்கு மேல் இருக்கும். ஓட்டு நாளுக்கு முந்திய இதழ்களில் இதை எளிய தமிழில், கணக்கைப் போட்டுக் காட்டி வெளியிடுங்கள். எண்ணிக்கை நடக்கும்போது வெறும் சதவீதத்தை மட்டும் போடாமல், எத்தனை சாவடி வந்தது, எந்தப் பகுதி இன்னும் வரவில்லை என்பதையும் சேர்த்துப் போடுங்கள். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் வார்டுகளிலிருந்து தொடங்கினால் நல்லது. முடிவுத் தாள்களைப் படமெடுத்து அனுப்ப என்னைப் போன்ற வாசகர்கள் தயார்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாசகி, டர்பன்