அத்தைக்குச் சொன்ன பைனரி சர்ச்

மேடவாக்கம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, மாடிப்படி ஏறுகிறார் என்று படித்ததும்தான் நிம்மதி. கருப்பட்டி மிட்டாய் ஒரே நாளில் தீர்ந்தது. பாதிக்கு மேல் நிலா சாப்பிட்டாள்.

தம்பி இன்டர்வியூவுக்குப் படிக்கிறான், ராத்திரி தூங்குவதே இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். நானும் அதே நிலையில்தான் இருக்கிறேன், டி. அதனால் எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அவனுக்கும் படித்துக் காட்டு.

நிலா பிறந்தபோது விட்ட சாஃப்ட்வேர் வேலை. நான்கு வருடம் கழித்து மறுபடி தேட ஆரம்பித்தேன். அவள் எழுவதற்கு முன்னால், விடியற்காலை நான்கரை மணிக்கு உட்கார்ந்து லீட்கோட் என்ற புரோகிராமிங் பயிற்சித் தளத்தில் தினமும் இரண்டு கணக்கு. மூன்று மாதத்தில் நூற்றைம்பதைத் தாண்டிவிட்டேன். தைரியமாகத்தான் முதல் இன்டர்வியூவுக்குப் போனேன். வரிசையாக அடுக்கிய எண்களில் ஓர் எண் முதன்முதலாக எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பைனரி சர்ச்தான், பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே தேடும் முறை. எத்தனையோ தடவை போட்டது. ஆனால் ஸ்கிரீனை ஷேர் செய்ததும், கேமராவை அணைத்துவிட்டு இரண்டு பேர் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே கை நின்றுவிட்டது. நாற்பத்தைந்து நிமிடமும் முதல் மூன்று வரியைத் தாண்டவில்லை. வீடியோ கால் முடிந்ததும் மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். பத்தே நிமிடத்தில் பிழையில்லாமல் வந்தது. தெரியாமல் தோற்றிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகு லேப்டாப்பைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கும். பயந்துபோய் ஈசிஜிகூட எடுத்தேன். ஒன்றுமில்லை, காபியைக் குறையுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள் என்றார் டாக்டர். குறைத்தேன், படபடப்பும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அந்த நாற்பத்தைந்து நிமிடம் மனதை விட்டுப் போகவில்லை.

அப்போதுதான் ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 2020-இல் அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து செய்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் 48 பேர். ஒரு பிரிவினர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போர்டில் எழுத வேண்டும். மற்றவர்கள் தனி அறையில், யாரும் பார்க்காமல் எழுதலாம். ஆள் பார்க்க எழுதியவர்களின் திறன் பாதிக்கு மேல் குறைந்துபோனது. படித்துவிட்டு அழுதேன், கலா. எனக்கு மட்டும் ஏதோ குறை என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேனே!

யோசித்தால் காரணமும் புரிகிறது. புரோகிராம் எழுதும்போது நான்கைந்து விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் 'இவர்கள் என்ன நினைக்கிறார்களோ' என்பதும் வந்து உட்கார்ந்துகொண்டால் மற்றது எங்கே நிற்கும்? அப்புறம், நான் பழகியதே தப்பு. இருட்டில், தனியாக, வாய் திறக்காமல் நூற்றைம்பது கணக்கு போட்டேன். அங்கே கேட்டதோ ஆள் முன்னால் பேசிக்கொண்டே போடுவது. அதை ஒரு நாள்கூடப் பழகவில்லை.

எங்கள் அத்தை மதியம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்து, "அத்தை, நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருங்கள், புரியாவிட்டால் நிறுத்திக் கேளுங்கள்" என்றேன். ஆயிரம் பக்க அகராதியில் ஒரு சொல்லைத் தேட வேண்டும், நடுவில் பிரித்தால் பாதி அகராதி தேவையில்லாமல் போகும், மிச்சத்தையும் நடுவில் பிரித்தால் அதிலும் பாதி போகும், அதிகம் போனால் பத்துத் தடவை பிரித்தால் போதும் என்றேன். "நடுப்பக்கம் எதுவென்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கூட்டி இரண்டால் வகுப்பேன் என்றேன். சொல்லும்போதே சட்டென்று நிறுத்தினேன். அந்தக் கூட்டலில்தான் ஒரு பிரபலமான பிழை இருக்கிறது. ஜாவா போன்ற கணினி மொழிகளில் சாதாரண முழு எண்ணுக்கு 2,147,483,647 வரைதான் இடம். பட்டியல் மிகப் பெரிதானால் கூட்டுத்தொகை அதைத் தாண்டி மைனஸ் எண்ணாக மாறிவிடும். ஜாவாவுக்கு இந்தத் தேடல் புரோகிராமை எழுதிய ஜோஷுவா பிளாக்கே, தன் புரோகிராமில் ஒன்பது வருடமாக இந்தப் பிழை இருந்ததை 2006-இல் வெளிப்படையாக எழுதினார். அவருக்கே அப்படியென்றால், முக்கால் மணி நேரத்தில் நான் ஓரிடத்தில் தடுமாறியதற்கு இத்தனை நாள் என்னை நானே திட்டிக்கொண்டது எவ்வளவு அநியாயம்!

அன்றிலிருந்து தினமும் ஒரு கணக்கை அத்தைக்குச் சொல்கிறேன். முதல் வாரம் குரல் நடுங்கியது, மாமியார் முன்னால்கூட. தம்பியையும் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லச் சொல். கம்ப்யூட்டர் தெரிந்தவராக இருக்க வேண்டியதே இல்லை. நீயே உட்கார்ந்து கேள், தமிழில் சொல்லட்டும்.

இதற்கெல்லாம் தூக்கம் திரும்பாவிட்டால் 14416-க்குப் பேசச் சொல். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநலச் சேவை. எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். அவன் கூச்சப்பட்டால் நீ பக்கத்தில் இரு.

போன வாரம் வேறொரு கம்பெனியில் கோடிங் ரவுண்டு. முதல் ஐந்து நிமிடம் உள்ளங்கை வியர்த்துக் கொட்டியது. "ஒரு நிமிடம், சின்ன உதாரணம் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரில் ஐந்து எண்களை எழுதினேன். அத்தையிடம் பேசுவதைப் போலவே பேசினேன். எதிரில் இருந்தவர் நடுவில் ஒரு கேள்வி கேட்டார், பதில் வந்தது. முழுதாக முடிக்கவில்லை, ஆனால் அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், இப்போதுகூட வயிற்றைப் பிசைகிறது. அன்று அத்தை நிலாவைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறார். எப்படிப் போனாலும் சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன், அதுவரை நீ போன் செய்யாதே. அம்மாவை வெறும் தரையில் உட்கார விடாதே.

அன்புடன்,
செல்வி