பட்டா யார் பெயரில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் மேற்குக் குடியேற்றம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் 1862-ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டத்தால் குடும்பங்களுக்கு 160 ஏக்கர் இலவசமாகக் கிடைத்தது, அங்கே பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வாழ்ந்தார்கள் என்று கட்டுரையாளர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். நிலம் என்று யார் பேச்செடுத்தாலும் பட்டா யார் பெயரில் என்றுதான் கேட்கத் தோன்றும்.

அந்தச் சட்டப்படி மனு செய்பவர் குடும்பத் தலைவராகவோ 21 வயது நிரம்பியவராகவோ இருக்க வேண்டும். ஆணாக இருக்க வேண்டும் என்று இல்லை. அதனால் கல்யாணமாகாத பெண்களும் விதவைகளும் விவாகரத்தானவர்களும் மனு போட்டார்கள், நிலமும் வாங்கினார்கள். கணவனோடு வாழ்கிற மனைவிக்கு மட்டும் அந்த வழி இல்லை. குடும்பத் தலைவர் கணவர்தானே! ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்து காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. நெப்ராஸ்கா, கான்சஸ் சமவெளியில் மரம் அரிது. புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டினார்கள். காட்டெருமைச் சாணம் பொறுக்கி வந்து அடுப்பெரித்தார்கள். கணவன் கூலி வேலைக்கு வெளியூர் போன மாதங்களில் குடியிருப்பு நிபந்தனை முறியாமல் காத்தவள் மனைவி. பத்திரத்தில் அவள் பெயர் கிடையாது.

இதற்கு முன்பே, 1850-ல், ஓரிகானுக்கு ஒரு சட்டம் வந்தது. அங்கே ஏற்கெனவே குடியேறியிருந்த ஒற்றை ஆணுக்கு 320 ஏக்கர், கல்யாணமானவருக்கு 640. அதில் பாதி மனைவியின் பெயரிலேயே. முற்போக்கான சட்டம் என்று தோன்றும். 1850 டிசம்பர் 1-லிருந்து ஒரு வருஷத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டாலும் இந்தக் கூடுதல் பங்கு உண்டு என்று சொன்னதும், மணப்பெண் தேடி அலைந்தார்கள். பதினான்கு வயதுச் சிறுமிகளைக்கூட விடவில்லை. சொத்து அவள் பெயரில் வந்தது, சரி, அவளைக் கேட்டார்களா? அங்கே வாழ்ந்த பழங்குடிகளோடு உடன்படிக்கை முடிவதற்குள்ளேயே நிலத்தைப் பங்கு போட்ட கதை வேறு.

பெண்கள் சமமாக வாழ்ந்தார்கள் என்றதில், வாக்குரிமையை மட்டும் பார்த்தால், கட்டுரையாளரோடு பாதி ஒத்துப்போகிறேன். 1869 டிசம்பரில் வயோமிங் பிரதேசம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. அடுத்த செப்டம்பரில் லாராமி ஊரில் லூயிசா ஸ்வெய்ன் என்ற மூதாட்டி முதல் வாக்கைப் போட்டார். ஆனால் அங்கே பெண்கள் மிகவும் குறைவு. குடும்பங்களைக் குடியேற வரவழைக்க இது நல்ல விளம்பரம் என்ற கணக்கும் அதில் இருந்தது. 1871-லேயே அதை ரத்து செய்ய சட்டமன்றம் முயன்றது. ஆளுநர் கேம்பெல் மறுத்ததால்தான் பிழைத்தது. யூட்டா பிரதேசம் 1870-ல் தந்த வாக்குரிமையை 1887-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே பறித்துவிட்டது.

அதே 1887-ல் வந்த டாஸ் சட்டத்தைக் கட்டுரையில் காணோம். பழங்குடிகளின் பொதுநிலத்தைத் துண்டு போட்டுத் தனித்தனிப் பேருக்கு எழுதிக் கொடுத்த சட்டம் அது. குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர், 18 வயதைத் தாண்டிய தனியாளுக்கு 80. மனைவிக்கு ஒன்றும் இல்லை. மிசூரி ஆற்றங்கரையில் ஹிடாட்சா, மாண்டன் என்ற பழங்குடி மக்களிடையே மக்காச்சோளமும் பீன்ஸும் பூசணியும் பயிரிட்டவர்கள் பெண்கள், தோட்டங்களும் அவர்களுடையவை. அப்படிப்பட்டவர்களிடம் போய், கணவன்தான் தலைவன், அவன் பெயரில்தான் நிலம் என்றார்கள். 1891-ல் திருத்தம் வந்து, மனைவி உட்பட ஆளுக்கு 80 ஏக்கர் என்று மாற்றினார்கள். அதற்குள் முதல் சுற்றுப் பங்கீடு தொடங்கிவிட்டிருந்தது.

அடுத்த வாரம் பழங்குடிகளைப் பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். 1887-ல் அவர்கள் கையில் ஏறக்குறைய 13.8 கோடி ஏக்கர் இருந்தது, 1934-ல் 4.8 கோடிதான் மிச்சம். அந்தக் கணக்கோடு, பெண்களின் தோட்டங்கள் என்னவாயின என்பதையும் கட்டுரையாளர் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர்,
கும்பகோணம்.