ஜப்பானியக் கலை வரலாறும் நம் ஓவிய வகுப்புகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஜப்பானிய ஓவியம் குறித்து வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அது ஹொகுசாய் என்னும் ஜப்பானிய ஓவியரின் பேரலை ஓவியத்தில் தொடங்கி மங்கா படக்கதைகளோடு முடிந்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் புதுச்சேரிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில், அந்த அலைக்கு முன்னால் கிடக்கும் நெடுங்காலத்தையும், நம் ஊருக்கு அக்கலையோடு உள்ள உறவையும் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

ஜப்பானியக் கலையின் கதை மண்ணில் தொடங்குகிறது. ஈரக் களிமண்ணின்மேல் முறுக்குக் கயிற்றை உருட்டிப் பதித்து அழகுசெய்த ஜோமோன் பானைகள் உலகின் மிகப் பழைய மட்கலங்களுள் அடங்கும். அவற்றுள் காலத்தால் முந்தியவை பத்தாயிரம் ஆண்டுகளைக் கடந்தவை. சக்கரமில்லாமல், மண்ணைத் திரியாகத் திரித்துச் சுற்றிச் சுற்றி எழுப்பிய கலங்கள் அவை. வில்லியனூரில் சுடுமண் உருவங்கள் செய்வோரின் கைவேலையைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இதை விளக்கப் பாடநூலே தேவைப்படாது.

ஆறாம் நூற்றாண்டில் கொரியா வழியாகப் பௌத்தம் சென்று சேர்ந்தபின் அங்கே சிற்பமும் சுவரோவியமும் ஒருசேரத் தழைத்தன. நாரா நகரின் தோதாய்ஜி கோயிலில் 752-இல் வெண்கலப் பெரும்புத்தருக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. அவர் மதுரையைச் சேர்ந்தவர் என்று சொல்வோரும் உண்டு. அவர் கையிலிருந்த தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்களும் அவற்றைப் பற்றிக்கொண்டு அந்தச் சடங்கில் பங்கேற்றார்கள். சாமி சிலைக்குச் சிற்பி கண் திறப்பதைக் கண்டு பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அஜந்தாவோடு ஒப்பிட்டுப் பேசப்படும் ஹோர்யூஜி கோயிலின் சுவரோவியங்கள் 1949 ஜனவரியில் தீயில் கருகின. அந்த இழப்பு உலுக்கியதால்தான் மறு ஆண்டே அங்கு பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் சட்டம் வந்தது. பழைய ஓவியத்தின்மேல் வெள்ளையடித்த நம் கோயில் சுவர் எதைப் பார்த்தாலும் எனக்கு அச்சட்டத்தின் நினைவு வரும்.

1203-இல் உன்கேயும் அவருடன் பணிபுரிந்த சிற்பிகளும் மரத்தில் எழுப்பிய, எட்டு மீட்டருக்கும் மேல் உயரமான வாயிற்காவலர் சிலைகள் இரண்டு, ஓவியர் செஷ்ஷூ கறுப்பு மையால் தீட்டிய மலைகள், கானோ என்னும் ஓவியர் மரபினரின் தங்கத்தகடு வேய்ந்த மடக்குத் திரைகள் ஆகியவை தனித்தனிக் கட்டுரைக்கு உரியவை. மரப்பலகையில் செதுக்கி எடுக்கும் அச்சோவியத்தைப் பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

பேரலை ஓவியம் ஹொகுசாய் ஒருவர் கையால் ஆனதன்று. அவர் மெல்லிய தாளில் வரைந்ததைச் செதுக்குநர் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் குடைந்தெடுப்பார். மூல ஓவியம் அந்த வேலையிலேயே அழிந்துபோகும். பிறகு அச்சிடுபவர் வண்ணத்துக்கொரு பலகையாகத் தாளை வைத்துத் தேய்ப்பார். முதல் போட்டவர் பதிப்பாளர். 1765-இல் ஓவியர் ஹருநோபுவின் காலத்தில் முழு வண்ண அச்சு நிலைபெற்றது. 1830களின் தொடக்கத்தில் வந்த பேரலையின் ஆழ்ந்த நீலமோ ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒருமுறை இதைச் செய்து பார்த்தேன். மாம்பலகையில் கட்டுமரம் ஒன்றைச் செதுக்கி, கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்த முதல் அச்சில் கடலின் நீலம் கட்டுமரத்தின் மேலேயே ஏறிவிட்டது. ஜப்பானியர் ஒவ்வொரு பலகையிலும் கீழ்மூலையில் ஓர் ட வடிவ வெட்டும், அதே விளிம்பில் சற்றுத் தள்ளி ஒரு நேர்வெட்டும் வைத்துத் தாளை அவற்றில் பொருத்துவார்கள் என்று படித்திருந்தேன். அப்படியே வெட்டியதும் அடுத்த தாளில் நீலம் கட்டுமரத்தின் விளிம்போடு சரியாக நின்றது, வகுப்பே கைதட்டியது. ஆனால் இதற்குமேல் அவர்களுக்குப் படிக்கக் கொடுக்க எங்கள் பள்ளி நூலகத்தில் ஆசியக் கலை பற்றி ஒரு நூல்கூட இல்லை. பாரிசு ஓவியர்களைப் பற்றியோ ஓர் அலமாரியே இருந்தது. அந்தப் பாரிசில் இருந்துகொண்டு 1887-இல் வான்கோ ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் அச்சோவியங்களைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார் என்பதையும், மோனே தம் வீட்டுச் சுவர்களை ஜப்பானிய அச்சுகளால் நிறைத்தார் என்பதையும் அப்பிள்ளைகளுக்கு நான்தான் வாய்மொழியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

நம் நாட்டுத் தொடர்பும் சிறியதன்று. ஜப்பானியக் கலை அறிஞர் ஒககுரா ககுசோவின் மாணவர்களான ஓவியர்கள் யொகொயாமா தைகானும் ஹிஷிதா ஷுன்சோவும் 1903-இல் கொல்கத்தாவுக்கு வந்தார்கள். அவர்களிடம் கண்ட நீர்வண்ண உத்தியை வங்க ஓவியர் அபனீந்திரநாத் தாகூர் தம் ஓவியங்களில் கையாண்டார். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை, ஓவியப் பயிற்சி பெற்றவர். 1916 முதல் 1920 வரை ஜப்பானில் வாழ்ந்தபின் இங்கு வந்தவர். 1930களின் பிற்பகுதியில் எழத் தொடங்கிய ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை வடிவமைத்த கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் பல்லாண்டு டோக்கியோவில் பணிபுரிந்தவர். இங்கேயே தங்கிக் கட்டுமானத்தைக் கவனித்த ஜார்ஜ் நகாஷிமா ஜப்பானிய வம்சாவளியினர். திறந்து மூடும் சிமென்ட் தகடுகளே சுவராக நின்று கடற்காற்றை உள்ளே விடும் அக்கட்டடத்தைத் தெருவில் நின்றே பார்க்கலாம். ஜப்பானில் மண்கலைப் பயிற்சி பெற்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்னும் மட்கலப் பட்டறையும் இவ்வூரில்தான் இருக்கிறது.

ஆகவே, தங்கள் நாளிதழ் ஜோமோன் காலம் தொட்டு இன்றுவரையான ஜப்பானியக் கலையை வாரம் ஒரு பகுதியாக, பெரிய படங்களுடன், மாணவர்களுக்குப் புரியும் தமிழில் வெளியிட வேண்டும் என்றும், புதுச்சேரி கல்வித்துறை பள்ளி நூலகங்களுக்கு ஆசியக் கலை நூல்களை வாங்கித்தர வேண்டும் என்றும் வேண்டுகிறேன். அந்தக் கட்டுமர அச்சின் மூன்று பலகைகளும் இன்னும் என்னிடம் பத்திரமாக உள்ளன. எந்தப் பள்ளி அழைத்தாலும் அவற்றோடு வந்து செய்து காட்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.