கோவிலுக்குப் புது வர்ணம் அடிப்பதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்துத் தமிழ்க் கோவில்களில் கும்பாபிஷேகத்தை ஒட்டி நடைபெறும் திருப்பணிகளைப் பற்றிய செய்திகள் தங்கள் இதழில் அவ்வப்போது வெளிவருகின்றன. கோவில் புதுப்பொலிவு பெற்றது என்று முடியும் அச்செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், பழைய பொலிவை யாராவது படம் எடுத்து வைத்திருப்பார்களா என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழுகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கலை வரலாற்றில் முதுகலை ஆய்வு செய்துவரும் மாணவி என்ற முறையில், கோவில் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோளைத் தங்கள் வாயிலாக வைக்க விரும்புகிறேன். வர்ணம் அடிக்கச் சாரம் கட்டுவதற்கு முன், அளவு நாடாவும் கேமராவுமாக எங்களைப் போன்ற மாணவர்களை ஒரு வாரமாவது உள்ளே விடுங்கள்.

கலை வரலாறு படிக்கிறேன் என்று கல்யாண வீடுகளில் சொன்னால், "அப்படியா, எங்கள் வீட்டுக் கூடத்துக்கு ஒரு படம் வரைந்து கொடேன்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். நாங்கள் வரைவதில்லை, பிறர் வரைந்ததையும் செதுக்கியதையும் கட்டியதையும் பார்த்து, அது எப்போது, யாரால், யார் பணத்தில், எந்தப் பொருளில், என்ன காரணத்துக்காக உருவானது என்று ஆதாரத்தோடு எழுதுகிறோம். தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைக்குப் பின் ஓராண்டு ஆனர்ஸ், அதன் பின் முதுகலை, பிறகு முனைவர் பட்டம் என்று இந்தப் படிப்பு நீள்கிறது. முதுகலைக்கு 180 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. அந்த 1,800 மணி நேரத்தில் பெரும்பகுதி நூலகத்திலும் அருங்காட்சியகக் கிடங்குகளிலும் பழைய கட்டடங்களின் வாசலிலும் கழிகிறது என்பதை, 'படம் பார்க்கும் படிப்பு' என்று கேலி பேசும் மாமாக்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பார்ப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்பதை இந்தப் படிப்பில் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். நகர மண்டபத்துக்கு எதிரே, பழைய உச்ச நீதிமன்றக் கட்டடத்தில் டாதம் கலைக்கூடம் இருக்கிறது. விக்டோரியா காலத்து பிரிட்டிஷ் ஓவியங்களும் சூலு மக்களின் மணி வேலைப்பாடுகளும் மட்பாண்டங்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் அது. அங்கே எங்களை ஒரே ஒரு படைப்பின் முன் நிறுத்தி, பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படிக்காமல், கண்ணில் படுவதை மட்டும் ஒரு மணி நேரம் எழுதச் சொல்வார்கள். முதல் கால் மணி நேரத்தில் எழுத எதுவுமே மிஞ்சாது. அதற்குப் பிறகுதான் தூரிகை எந்தத் திசையில் போயிருக்கிறது, எந்த இடத்தை அழித்துத் திரும்ப வரைந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் புலப்படும். வாராந்தரக் கருத்தரங்கில் ஒருவர் கட்டுரை படிக்க, மற்றவர்கள் அதைக் குடைந்து கேள்வி கேட்பார்கள். இதற்கிடையே முதலாண்டு மாணவர்களுக்கு டியூட்டோரியல் நடத்தி, அவர்களுடைய கட்டுரைகளைத் திருத்தித் தரும் வேலையும் உண்டு. வாடகைக்கு அந்தச் சம்பளம் உதவுகிறது.

நாங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பது 2015-க்குப் பிறகு பெரிதும் மாறியிருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரலில் கேப் டவுன் பல்கலைக்கழகத்திலிருந்து காலனியாதிக்கவாதி செசில் ரோட்ஸின் சிலை அகற்றப்பட்டதும், பின்னர் நாடெங்கும் கல்விக் கட்டண உயர்வுக்கு எதிரான மாணவர் போராட்டம் வெடித்ததும், கலை வரலாற்றுத் துறைகளையும் உலுக்கின. கிரேக்கத்தில் தொடங்கிப் பாரிஸில் முடியும் பாடத்திட்டத்தை இன்று யாரும் வெளிப்படையாக ஆதரித்துப் பேசுவதில்லை. ரோர்க்ஸ் டிரிஃப்டில் 1960-களின் தொடக்கத்தில் அமைந்த கலைக் கைவினை மையத்தையும், அங்கே பயின்ற அசாரியா ம்பாதாவின் லினோகட் (லினோலியத் தகட்டில் செதுக்கி எடுக்கும்) அச்சுப் படங்களையும் எங்கள் மாகாணத்தின் பெருமையாகவே படிக்கிறோம். ஆனால் எங்கள் ஊர்க் கோவில்கள் இந்தப் புதிய வாசிப்புப் பட்டியலிலும் பெரும்பாலும் இல்லை. அவற்றைச் சமயவியல் பார்த்துக்கொள்ளும் என்று கலை வரலாற்றுக்காரர்களும், கட்டடக்கலைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சமயவியல்காரர்களும் விட்டுவிடுகிறார்கள். முன்பு இந்தியர்களுக்கென்று தனியே ஒதுக்கப்பட்டிருந்த டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத் துறை இருந்தது. 2004-ல் அப்பல்கலைக்கழகம் நட்டால் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இன்றைய குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகமாயிற்று. நிறவெறிச் சட்டம் பெற்ற பிள்ளையான அந்த நிறுவனத்துக்காக நான் ஏங்கவில்லை. இருந்தாலும் கோவில் கலையைக் கலையாகவே எடுத்துப் பேசும் ஒரு வகுப்பு இந்த மாகாணத்தில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்தது முதல் 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தார்கள். அவர்களுக்காகக் கோவில் கட்டியவர்களில் ஒருவரான கிஷ்டப்ப ரெட்டி, 1890-களின் இறுதியில் மவுண்ட் எட்ஜ்கம்பில் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களுக்காக எழுப்பிய கணேசர் கோவில் இன்றும் நிற்கிறது. உம்பிலோ ஆற்றங்கரையில் 1875-ல் எழுந்த அம்பலவாணர் ஆலயத்தை 1905 வெள்ளம் கொண்டுபோயிற்று. கேட்டோ மேனரில் பின்னர் எழுந்த ஆலயம் 1980-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இப்படிப் பெயரும் ஆண்டும் தெரிந்தவை சிலவே. மற்ற கோவில்களில் சுதை (சுண்ணாம்புச் சாந்தில் உருவம் வடிக்கும்) வேலை செய்த கைகள் யாருடையவை என்பதற்கு வரைபடமோ ஒப்பந்தமோ பெரும்பாலும் கிடையாது. மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்தச் சுதைதான்.

அந்தச் சாட்சியை அருகில் நின்று பார்த்தால் எவ்வளவு தெரிகிறது என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். நான் ஆய்வு செய்யும் கோவில் ஒன்றில், துவாரபாலகரின் இடது முழங்கையில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. மேலே பளபளக்கும் நீல எனாமல். அதன் அடியில் மங்கிய பச்சை. அதற்கும் அடியில் காவி. எல்லாவற்றுக்கும் கீழே வெறும் சுண்ணாம்பு வெள்ளை. உள்ளே உடைந்த செங்கல்லும், அதைச் சுற்றி முறுக்கிய கம்பியும். வேலியடைக்கும் கம்பி போலத்தான் இருந்தது. தோட்டத்தில் கிடைத்ததை வைத்தே சிற்பி கைக்கு எலும்பு கட்டியிருக்கிறார் என்று ஊகிக்கிறேன். முதலில் அந்த உருவம் வெள்ளையாகவே நின்றது என்பதும், வர்ணங்கள் பிறகு வந்து சேர்ந்தவை என்பதும் ஒரு கட்டைவிரல் அளவு உடைப்பிலிருந்து கிடைத்த செய்திகள். சுரண்டிவிட்டுப் பூசியிருந்தால் இவற்றில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

இன்னொரு கோவிலில் அப்படித்தான் நடந்தது. அதன் பெயரைச் சொல்ல நான் விரும்பவில்லை. மனிதர்களிடம் பேட்டி எடுக்கும் ஆய்வு என்றால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். அதற்குச் சம்பந்தப்பட்ட அமைப்பின் அனுமதிக் கடிதம் தேவை. கடிதம் கேட்டுச் செயலருக்கு எழுதினேன். அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம் என்றார்கள், பிறகு தலைவர் இந்தியாவுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். கடிதம் கைக்கு வந்தபோது, முன்மண்டபத்துச் சுதை உருவங்கள் எல்லாம் கம்பித் தூரிகையால் தேய்க்கப்பட்டு, புதிய சிமென்ட் மூக்குகளோடு வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அன்று மாலை என் நெறியாளரிடம் ஆய்வுத் திட்டத்தின் ஓர் அத்தியாயத்தை அடித்துவிடச் சொன்னேன்.

வர்ணமே அடிக்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திருப்பணி செய்வது மரபு; கோவில் வழிபாட்டுக்கு உரியது, அருங்காட்சியகம் அல்ல. கர்ப்பக்கிரகத்தின் பக்கம் எங்கள் கேமரா திரும்பவே திரும்பாது. ஆனால் ஒரு விஷயத்தைக் கமிட்டி உறுப்பினர்கள் அறிந்திருப்பது நல்லது. 1999-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளங்கள் சட்டம், 60 ஆண்டுகளைத் தாண்டிய கட்டடம் எதையும் மாகாணப் பாரம்பரிய ஆணையத்தின் அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது என்கிறது; மாற்றம் என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் வர்ணம் அடிப்பதும் பூச்சு பூசுவதும் சேர்ந்தே வருகின்றன. அந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது, கட்டடத்தின் இப்போதைய நிலையைக் காட்டும் படங்களும் அளவுகளும் கையில் இருந்தால் வேலை எளிதாகும். அவற்றைத்தான் நாங்கள் இலவசமாகச் செய்து தருகிறோம் என்கிறோம்.

கட்டடத்துக்கு வெளியிலும் எங்களுக்கு வேலை இருக்கிறது. அலுவலக அலமாரியில் கிடக்கும் பழைய மினிட்ஸ் புத்தகங்கள், நன்கொடை ரசீதுகள், காவடித் திருவிழாவின்போது எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் ஆகியவற்றைத் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். பக்தர்கள் எடுத்த படத்தின் ஓரத்தில்தான் பழைய விமானம் தெரிகிறது. ஸ்தபதிக்கு எத்தனை பவுண்டு கொடுத்தார்கள் என்பது எங்காவது பதிவாகியிருந்தால், அது தமிழில் எழுதிய கணக்கு நோட்டில்தான் இருக்கும். என் வகுப்புத் தோழர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அரிது. தமிழ்ப் பள்ளிகளில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பிள்ளைகள் இந்தத் துறைக்கு வந்தால், மற்றவர்களால் திறக்க முடியாத ஏடுகள் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன. மருத்துவம், கணக்கியல், சட்டம் என்று மூன்று கதவுகளை மட்டும் காட்டும் பெற்றோர் இதையும் சற்று யோசித்துப் பார்க்கலாம்.

பல்கலைக்கழகத்துக்கு ஆண்டின் நடுவில் குளிர்கால விடுமுறை வருகிறது. பங்குனி உத்திரமும் தீமிதியும் முடிந்து, ஆடிக் கூழ் தொடங்காத இடைவெளியான ஜூன் மாதம் கமிட்டிகளுக்கும் எங்களுக்கும் வசதியானது. திருப்பணி செய்ய எண்ணியிருக்கும் கமிட்டிகள் ஏப்ரலுக்குள் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற்றுக்கொண்டு நாங்களே ஏணியோடு வந்து சேர்வோம்.

இங்ஙனம்,
கலை வரலாற்று முதுகலை ஆய்வு மாணவி,
பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா