குவாரி அனுமதி உத்தரவைத் தமிழில் ஊருக்குச் சொல்லுங்கள்

திருநெல்வேலி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். ராதாபுரம் வட்டத்தில் கல்குவாரிகளுக்கு நடுவே இருக்கும் ஒரு ஊரிலிருந்து எழுதுகிறேன். வெடி போடும் நேரத்தில் அடுப்படியில் அடுக்கி வைத்த பாத்திரம் குலுங்கும். முருங்கைப் பூ மேல் கல்மாவு படிந்து கிடக்கும், தொட்டால் விரலில் ஒட்டும். இதைப் பற்றிப் பேச்செடுத்தால் ஊர்ப் பெரியவர்கள் கேட்பது ஒன்றுதான்: "குவாரி அவன் பட்டாவுல நடக்கு. கேஸ் போட நாம யாருடே?"

சட்டத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் நீதி அமைப்பு தேசிய பசுமைத் தீர்ப்பாயம். பாதிக்கப்பட்ட எவரும் அங்கே வழக்குத் தொடரலாம் என்கிறது 2010ஆம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம். பக்கத்து வயல் நம் பேரில் இருக்க வேண்டியதில்லை. இழப்பீடு கேட்காத வழக்குக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். நம் மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. தாமிரபரணி மணலுக்காக நல்லகண்ணு ஐயா உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தானே நின்று வாதாடினார்; 2010இல் மணல் அள்ளத் தடை வந்தது. ஆறு அவர் பேரில் பட்டாவானதா என்று யாரும் கேட்கவில்லை.

சரி, உரிமை இருக்கிறது. நாள்தான் இல்லை. குவாரிக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து அந்தத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். 90 தாண்டிவிட்டால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு அடைத்ததுதான். உத்தரவு முதன்முதலில் பொதுவில் வெளியான நாளிலிருந்தே அந்தக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். நம் கண்ணில் பட்ட நாளிலிருந்து அல்ல. 5 ஹெக்டேருக்கு உட்பட்ட தனிக் குவாரி என்றால் கருத்துக் கேட்புக் கூட்டமும் கிடையாது. உத்தரவு வந்த பிறகுதான் ஊருக்கே சேதி.

அந்த உத்தரவின் நகலை ஊராட்சிக்குக் கொடுக்க வேண்டும், ஊராட்சி அதை 30 நாள் ஒட்டி வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எந்த மொழியில் என்று அது சொல்லவில்லை. எங்கள் பக்கம் நான் பார்த்த உத்தரவு பல பக்கம், முழுக்க ஆங்கிலம். சர்வே எண்ணைத் தவிர ஊர்க்காரருக்கு அதில் ஒன்றும் புரியாது. கிராம சபையில் கேட்கலாம் என்றால், நாள்காட்டியைப் பாருங்கள். மே 1 முடிந்தால் அடுத்த கிராம சபை ஆகஸ்ட் 15. மே 2ஆம் தேதி வெளியாகும் உத்தரவுக்கு அதற்குள் 100 நாளுக்கு மேல் ஓடிவிடும். ஊர் கூடிப் பேசும்போது வழக்குப் போடவே வழி இருக்காது.

2024 டிசம்பரில் நடுக்கல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டப்பட்டபோது பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுத்தது, கழிவு லாரி ஏறித் திரும்பிப் போனது. மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் அது ஊரெல்லாம் செய்தியான விஷயம். ஒரு குவாரி அனுமதி யாருக்குச் செய்தி? அடைமிதிப்பான்குளத்தில் 2022 மே மாதம் பாறை சரிந்து நாலு பேர் செத்த பிறகுதான் எல்லோரும் குவாரிகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பும் தங்களிடம் இருக்கிறது. அதை வைத்துக் கேட்கிறேன். குவாரிக்கு அனுமதி வந்ததும் ஒரே பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் வேண்டும்: சர்வே எண், பரப்பு, வெடி நேரம், நிபந்தனைகள், மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதி. ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் அதை ஒட்டச் சொல்லுங்கள். அப்புறம், உத்தரவு கைக்கு வந்த 15 நாளுக்குள் சிறப்புக் கிராம சபை கூட்டி அதை வாசிக்கச் சொல்லுங்கள். வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதை ஊர் முடிவு செய்துகொள்ளும்.

இப்படிக்கு,
ராதாபுரம் வட்டத்து விவசாயி ஒருவன்